இணைப்புக்கோடும் எண்ணும்மையும்: செக்கோஸ்லோவாக்கியா பிரிந்த வரலாறு

நாட்டுப்பண் ஒன்றை நடுவில் பிரித்து, முற்பாதியை ஒரு நாடும் பிற்பாதியை மற்றொரு நாடும் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி வரலாற்றில் காண்பதற்கு அரியது. 1993ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது நிகழ்ந்தது. செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடு அன்று மறைந்து, செக் குடியரசும் ஸ்லோவாக் குடியரசும் பிறந்தன. 1918 முதல் அந்நாட்டில் இசைக்கப்பட்ட பண், உண்மையில் ஒரு பாடலன்று. இரு பாடல்களின் முதற்பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த தொகுப்பு. முதலில் வருவது 1834இல் பிராக் நகரில் அரங்கேறிய நாடகம் ஒன்றில், கண்பார்வையற்ற இசைவாணர் பாடுவதாக யோசெஃப் காயேதான் டில் எழுதிய மென்மையான பாடல். அடுத்து வருவது 1844இல் யான்கோ மாத்தூஷ்கா என்னும் இளைஞர், தம் ஆசிரியர் பதவி நீக்கப்பட்டதைக் கண்டு மாணவர்கள் கொதித்தெழுந்த வேளையில், நாட்டுப்புற மெட்டொன்றில் அமைத்த எழுச்சிப் பாடல். செக் பாடல் முடிந்து, சிறிது இடைவெளி விட்டு, ஸ்லோவாக் பாடல் தொடங்கும். அந்த இடைவெளியிலேயே 1992இல் நாடும் பிரிந்தது.

ஒன்றாக வாழும் இரு தேசிய இனங்கள் தொடர்ந்து ஒன்றாக இருத்தல் வேண்டுமா, பிரிதல் வேண்டுமா என்னும் வினா எழும்பொழுதெல்லாம் உலகம் இந்த நாட்டை எடுத்துக்காட்டாகக் கூறும். குருதி சிந்தாத பிரிவு என்னும் பெருமையும் அதற்கு உண்டு. எனினும், அப்பிரிவு ஏன் நேர்ந்தது, அதனால் யார் பயன் பெற்றனர், யார் குரலிழந்தனர் என்பவற்றை ஆராயும்பொழுது, அவ்வெளிய புகழுரைக்கு அப்பால் செல்ல வேண்டியுள்ளது.

மொழியால் விளைந்த தனித்தன்மை

செக் மொழியும் ஸ்லோவாக் மொழியும் மேலை ஸ்லாவிய மொழிக் குடும்பத்தின் நெருங்கிய உடன்பிறப்புகள். ஒருவர் தம் மொழியில் பேச, மற்றவர் தம் மொழியில் விடையிறுத்து, இடையே மொழிபெயர்ப்பாளர் இன்றி உரையாட இயலும். ஸ்லோவாக்கியரிடையே லூத்தரன் சமயத்தவர் நெடுங்காலம் செக் விவிலியத்தையே வழிபாட்டுக்குப் பயன்படுத்தினர். ஆகவே, எழுதுவதற்குச் செக் மொழியே போதும் என்று கருதியோர் ஸ்லோவாக் அறிஞருள்ளும் இருந்தனர். அவர்களுள் தலையாயவர் கவிஞர் யான் கொல்லார். 'ஸ்லாவாவின் மகள்' என்னும் அவருடைய புகழ்பெற்ற ஈரேழ்வரிப் பாடல் தொகுதி 1824இல் செக் மொழியிலேயே வெளிவந்தது. பிறப்பால் ஸ்லோவாக்கியர், எழுத்தால் செக் கவிஞர்.

இதற்கு மாறான வழியில் சென்றவர் லூடோவிட் ஷ்டூர். மாத்தூஷ்காவின் பாடலுக்குக் காரணமான ஆசிரியர் இவரே. 1843இல் இவரும் இவருடைய தோழர்களான ஹுர்பான், ஹோட்ஜா ஆகியோரும் நடு ஸ்லோவாக்கியப் பேச்சு வழக்கை அடிப்படையாகக் கொண்டு இலக்கிய மொழி ஒன்றை வரையறுத்தனர். கொல்லார் இதனைக் கடுமையாக எதிர்த்தார். சிறிய மக்களினம் தனக்கெனத் தனி எழுத்து வழக்கை அமைத்துக்கொண்டால், பேரினங்களின் நடுவே வலுவிழக்கும் என்பது அவர் வாதம். தம் நாவில் வழங்காத மொழியில் ஓர் இனம் உயிர்த்தெழ இயலாது என்பது ஷ்டூரின் விடை.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அரசியலரங்கில் எழுந்த வழக்கின் இரு பக்கங்களும் இந்த இலக்கியப் பூசலில் அடங்கியிருந்தன. ஒன்று சேர்ந்தால் வலிமை என்பது ஒரு பக்கம். தன் பெயரால் வாழ்ந்தாலன்றி வாழ்வில்லை என்பது மற்றொரு பக்கம். இரண்டும் மெய்யே. இரண்டுக்கும் இடங்கொடுக்கும் ஏற்பாட்டைக் காண்பதே பின்வந்தோர் கடமையாயிற்று.

ஒன்றியம் தோன்றிய விதம்

முதல் உலகப் போரின் இறுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதைந்தது. செக் மக்கள் வாழ்ந்த பொஹீமியாவும் மொராவியாவும் ஆஸ்திரியப் பகுதியில் இருந்தன. ஸ்லோவாக் மக்களோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஹங்கேரிய அரசின்கீழ் இருந்தவர்கள். 1870களில் ஸ்லோவாக் உயர்நிலைப் பள்ளிகளும், 'மாத்திட்சா' என்னும் பண்பாட்டுக் கழகமும் ஹங்கேரிய ஆட்சியினரால் மூடப்பட்டன. செக் மக்களிடம் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகமும் இதழ்களும் இருந்த காலத்தில், ஸ்லோவாக் மக்களிடம் தாய்மொழிப் பள்ளிகள்கூட அருகியிருந்தன. தனித்து நின்றால் ஹங்கேரியின்கீழ் மீண்டும் அடங்க நேரும் என்னும் அச்சம் அவர்களை ஒன்றியத்தின்பால் செலுத்தியது. ஜெர்மானியரை மிகுதியாகக் கொண்ட நிலப்பகுதியில் தம் பெரும்பான்மையை நிலைநாட்டச் செக் மக்களுக்கும் ஸ்லோவாக் துணை தேவைப்பட்டது.

1918 மே மாத இறுதியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், அங்குக் குடியேறியிருந்த இரு இனத்தாரும் ஓர் உடன்பாட்டை வரைந்தனர். ஸ்லோவாக்கியாவுக்குத் தனி நிருவாகமும் சட்டமன்றமும் நீதிமன்றங்களும் அமையும் என்பது அதன் சாரம். பின்னர் முதற் குடியரசுத் தலைவரான தோமாஷ் மசாரிக் அதில் கையொப்பமிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் பிராக் நகரில் புதிய நாடு அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள்கள் கழித்து மார்ட்டின் என்னும் ஊரில் கூடிய ஸ்லோவாக் தலைவர்கள் அதில் இணைவதாக அறிவித்தனர்.

ஆனால், 1920ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 'செக்கோஸ்லோவாக் தேசிய இனம்' என ஒரே இனத்தையே குறித்தது. பிட்ஸ்பர்க்கில் உறுதியளித்த சட்டமன்றம் அமையவில்லை. இதற்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். அக்காலத்தில் செக் மக்கள் மட்டும் நாட்டின் ஏறத்தாழப் பாதியளவினர்; முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியரின் தொகை ஸ்லோவாக் மக்களின் தொகையினும் மிகுதி. இரு இனங்களையும் ஒன்றெனக் கொண்டால்தான் உறுதியான பெரும்பான்மை கிடைக்கும்.

தமிழிலக்கண வழக்கில் கூறுவதாயின், 'செக்கோஸ்லோவாக்' என்னும் தொடரை அரசு இருபெயரொட்டுப் பண்புத்தொகையாகக் கொண்டது. மார்கழித் திங்கள் என்றால் மார்கழியாகிய திங்கள். அங்கே பெயர் இரண்டு, பொருள் ஒன்று. ஸ்லோவாக் மக்களோ அத்தொடரை உம்மைத்தொகையாகக் கொள்ள விரும்பினர். கபிலபரணர் என்றால் கபிலரும் பரணரும், அவர்கள் ஒருவராகார். எழுபத்து நான்கு ஆண்டு வரலாற்றின் உட்பொருளை இவ்வேறுபாட்டில் காணலாம்.

காலந்தாழ்ந்த உரிமைகள்

1938 செப்டம்பரில் மியூனிக் உடன்பாட்டினால் நாட்டின் எல்லைப் பகுதிகள் ஹிட்லரிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த நெருக்கடியிலேயே ஸ்லோவாக்கியாவுக்குத் தன்னாட்சி கிடைத்தது. நாட்டின் பெயரிலும் இணைப்புக்கோடு இடம்பெற்றது. 1939 மார்ச்சு 14இல் ஜெர்மனியின் நிழலில் யோசெஃப் டிஸோ தலைமையில் ஸ்லோவாக் அரசு தோன்றியது. மறுநாள் ஜெர்மானியப் படை பிராக் நகரில் நுழைந்தது. முதன்முதலாகக் கிடைத்த அந்தத் தனியரசு, 1942இல் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பியது. விடுதலை என்னும் பெயர் மட்டும் ஓர் அரசை நல்லரசு ஆக்காது என்பதற்கு அது சான்று. அவ்வரசையும் ஜெர்மனியையும் எதிர்த்து 1944 ஆகஸ்டில் ஸ்லோவாக்கியர் செய்த கிளர்ச்சி, அந்த இழுக்கைத் துடைக்க முயன்ற முயற்சி எனலாம்.

போருக்குப் பின்னர் ஸ்லோவாக்கியர் தனி இனம் என்பது ஏற்கப்பட்டது. எனினும் 1948இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியபின் அதிகாரம் முழுவதும் பிராக் நகரில் குவிந்தது. ஸ்லோவாக் தன்னாட்சியை விரும்பிய கட்சியினர் 'முதலாளிய தேசியவாதிகள்' எனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1954இல் குஸ்தாவ் ஹுசாக் வாழ்நாள் சிறையும், கவிஞர் லாட்சோ நோவோமெஸ்கி பத்தாண்டுச் சிறையும் பெற்றனர்.

1968இன் 'பிராக் வசந்தம்' ஒரு ஸ்லோவாக்கியரால், அலெக்ஸாண்டர் டூப்செக்கால், தலைமை தாங்கப்பட்டது. செக் மக்கள் அதில் முதன்மையாகக் கருத்துரிமையை நாடினர். ஸ்லோவாக் மக்கள் அதனுடன் கூட்டாட்சியையும் நாடினர். ஆகஸ்டு 21இல் சோவியத் தலைமையிலான படைகள் புகுந்தபின் சீர்திருத்தங்கள் அனைத்தும் அழிந்தன. கூட்டாட்சிச் சட்டம் ஒன்றுமட்டும் எஞ்சி, 1969 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஓரினம் தன் விருப்பத்தைப் பெற்றது, மற்றோரினம் பெறவில்லை என்னும் கசப்பு செக் மக்கள் உள்ளத்தில் அன்று விழுந்தது. தன்னாட்சிக்காகச் சிறைசென்ற ஹுசாக்கே அடக்குமுறை ஆட்சியின் தலைவரானது வரலாற்றின் பெருமுரண்.

வேண்டிய பொழுது மறுக்கப்பட்டு, இடுக்கண் வந்த பொழுது தரப்பட்ட உரிமை, இணைப்பை வலுப்படுத்துவதில்லை. 1938லும் 1968லும் ஸ்லோவாக் மக்கள் உரிமை பெற்ற தருணங்கள், செக் மக்களின் துயரத் தருணங்களாக அமைந்தன. ஒருவர் நினைவில் பேறாக நிற்பது மற்றவர் நினைவில் இழப்பாக நின்றது.

ஒரு கோட்டின்மேல் நிகழ்ந்த பூசல்

1989 நவம்பரில் பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தது. நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் டிசம்பர் 29ஆம் நாள் குடியரசுத் தலைவரானார். நாட்டின் பெயரிலிருந்து 'சோஷலிச' என்னும் சொல்லை நீக்க வேண்டும் என அவர் 1990 சனவரியில் நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தார். எளிதில் முடியும் எனக் கருதப்பட்ட அச்சிறு திருத்தம், மூன்று மாதப் பூசலாக வளர்ந்தது. பெயரை மாற்றுவதாயின் இரு இனங்களுக்கும் நடுவே இணைப்புக்கோடு இடவேண்டும் என ஸ்லோவாக் உறுப்பினர் கோரினர். செக் உறுப்பினருக்கோ அக்கோடு மியூனிக் அவமானத்துக்குப் பிந்திய சிதைந்த நாட்டை நினைவூட்டியது. ஒரு தரப்பார் இணைக்கும் கோடாகக் கண்டதை மற்றத் தரப்பார் வெட்டும் கோடாகக் கண்டனர்.

மார்ச்சு 29இல் எட்டிய முடிவு விந்தையானது: செக் மொழியில் எழுதுங்கால் கோடின்றியும், ஸ்லோவாக் மொழியில் எழுதுங்கால் கோட்டுடனும் எழுதலாம். யாரும் நிறைவடையவில்லை. ஏப்ரல் 20இல் 'செக் மற்றும் ஸ்லோவாக் கூட்டாட்சிக் குடியரசு' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. தொகையாக நின்றது விரிந்தது. மறைந்திருந்த எண்ணும்மை வெளிப்பட்டது. வெளியுலகினர் இப்பூசலைக் கண்டு நகைத்தனர். ஆயினும் சொல்லின் அருமை உணர்ந்தோர்க்கு அது நகைப்புக்குரியதன்று. தன் பெயர் மற்றொன்றன் வால்போல ஒலிப்பதாக ஓரினம் உணர்ந்தால், அவ்வுணர்வுக்கு விடையளிப்பது அரசியலின் முதற்கடமை. 1920இல் தந்திருக்க வேண்டிய 'உம்' எழுபது ஆண்டுகள் கழித்து வந்தது. வந்தபொழுது அது போதவில்லை.

வயிறும் வாக்கும்

பெயர் ஒன்றே பிரிவுக்குக் காரணம் என்பது பொருந்தாது. பொதுவுடைமைக் காலத்தில் ஸ்லோவாக்கியாவில் பீரங்கி வண்டிகள் உள்ளிட்ட படைக்கருவித் தொழில் பெருகியிருந்தது. பனிப்போர் முடிந்ததும் அதன் சந்தை சுருங்கியது. விரைந்த தனியார்மயமும் சந்தைச் சீர்திருத்தமும் செக் பகுதியை எளிதாகவும் ஸ்லோவாக் பகுதியைக் கடுமையாகவும் தாக்கின. 1991ஆம் ஆண்டு முடிவில் வேலையின்மை செக் பகுதியில் ஏறத்தாழ 4 விழுக்காடு. ஸ்லோவாக் பகுதியில் ஏறத்தாழ 12 விழுக்காடு. ஒரே மருந்தை இரு உடல்களுக்குக் கொடுத்ததாயிற்று. ஸ்லோவாக்கியரோ தம் துயரை பிராக் ஆணையிடுவதாகக் கருதினர்; செக் மக்களோ தம் வரிப்பணம் கிழக்கே செல்வதாகக் கருதினர்.

1992 சூன் 5, 6 நாள்களில் நடந்த தேர்தலில் செக் பகுதியில் வாட்ஸ்லாவ் கிளாவுஸும் ஸ்லோவாக் பகுதியில் விளாடிமிர் மெச்சியாரும் வென்றனர். கிளாவுஸ் வலிமையான நடுவண் அரசையும் விரைந்த சீர்திருத்தத்தையும் வேண்டினார். இயலாதெனில் இரு தனி நாடுகள் என்றார். மெச்சியார் தளர்ந்த கூட்டமைப்பையும், உலக அரங்கில் ஸ்லோவாக்கியாவுக்குத் தனி இடத்தையும் கோரினார். இரு சட்டமன்றங்களும் தத்தம் வழியில் செல்ல, நடுவே ஒன்றிய நாடாளுமன்றம் செயலிழந்தது. அதன் தேசிய இனங்கள் அவையில் இரு இனத்துக்கும் தனித்தனியே 75 இடங்கள். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஒவ்வோரினப் பிரிவிலும் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஆகவே ஒரு பிரிவில் 31 பேர் மறுத்தால் எத்திருத்தமும் நிற்கும். சிறுபான்மையைக் காக்க அமைத்த வேலி, நல்லெண்ணம் வற்றியபின் முட்டுக்கட்டையாயிற்று.

சூலை 3இல் ஹாவெலை மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றம் தவறியது. சூலை 17இல் ஸ்லோவாக் சட்டமன்றம் இறைமையை அறிவித்தது. ஹாவெல் பதவி விலகினார். ஆகஸ்டு 26இல் புர்னோ நகரின் டூகென்தாட் மாளிகைத் தோட்டத்தில், மரநிழலில் அமர்ந்து பேசிய கிளாவுஸும் மெச்சியாரும் பிரிவின் நாளைக் குறித்தனர். சாலை விபத்தில் காயமுற்ற டூப்செக், நவம்பர் 7இல் காலமானார். பதினெட்டு நாள்கள் கழித்து, நவம்பர் 25இல், ஒன்றிய நாடாளுமன்றம் தன்னைத்தானே கலைக்கும் சட்டத்தைத் தேவைக்குமேல் ஒருசில வாக்குகளே மிகுதியாகப் பெற்று நிறைவேற்றியது.

கேட்கப்படாத மக்கள்

இப்பெருமாற்றத்தில் மக்களின் கருத்து நேரடியாகக் கேட்கப்படவில்லை. பொது வாக்கெடுப்புக்கான சட்டம் 1991இலேயே இயற்றப்பட்டிருந்தது. ஹாவெல் அதனை வலியுறுத்தினார். பல இலட்சம் மக்கள் கையொப்பமிட்டு வேண்டினர். கட்சிகளோ வினாவின் வடிவத்திலும் உடன்படவில்லை. அக்காலக் கருத்துக் கணிப்புகளில் பிரிவை விரும்பியோர் இரு பகுதிகளிலும் பாதிக்கும் குறைவு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. ஆயினும் அதே மக்களே ஒத்துப்போக இயலாத இரு கட்சிகளைத் தேர்ந்தெடுத்தனர் என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஒன்றியம் வேண்டும் என்றோரும் எத்தகைய ஒன்றியம் என்பதில் வேறுபட்டனர்.

இங்கு நார்வேயின் பிரிவு ஒப்பிடத்தக்கது. 1814 முதல் ஸ்வீடனுடன் ஒரே முடியின்கீழ் இணைந்திருந்த நார்வே, 1905 ஆகஸ்டு 13இல் மக்களைக் கேட்டது. பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகள். எதிராக 184 மட்டுமே. வாக்குரிமை பெறாத பெண்கள் தாமாகவே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டித் தம் கருத்தை அறிவித்தனர். அதன்பின் நார்வேயின் பிரிவை ஐயுறுவார் இலர். செக்கோஸ்லோவாக்கியப் பிரிவோ, நன்கு நடந்ததாக ஏற்கப்பட்ட பின்னரும், கேட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்னும் வினாவைச் சுமந்து நிற்கிறது.

குருதி சிந்தாமைக்குக் காரணம்

அதே ஆண்டுகளில் யூகோஸ்லாவியாவும் சிதைந்தது. அங்கே செர்பியரும் குரோவாசியரும் போஸ்னியரும் பேசியது ஏறத்தாழ ஒரே மொழி. எனினும் 1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் நடந்த போரில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மாண்டனர். ஆகவே, மொழி நெருக்கம் அமைதியைக் காக்கும் என்னும் எண்ணம் பொருந்தாது. செக்கோஸ்லோவாக்கியாவில் இரு இனங்களுக்கும் இடையே பழைய ஆஸ்திரிய-ஹங்கேரிய எல்லை தெளிவாக இருந்தது; ஓரினத்தார் மற்றதன் நிலத்தைக் கோரவில்லை; படை எப்பக்கமும் சாயவில்லை. ஒருவரையொருவர் கொன்ற நினைவும் அவர்களுக்கு இல்லை. அசையாச் சொத்துகள் இருந்த இடத்துக்கே உரியவாயின. ஏனையவை மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று எனப் பகுக்கப்பட்டன. பொது நாணயம் மட்டும் ஆறு வாரங்களும் நிலைக்கவில்லை. 1993 பிப்ரவரி 8இல் பணத்தாள்களில் ஒட்டுவில்லை ஒட்டி அதனையும் பிரித்தனர். ஒன்றியத்தின் சின்னங்களை இருவரும் பயன்படுத்தலாகாது எனச் சட்டம் கூறியும், செக் குடியரசு பழைய கொடியையே வைத்துக்கொண்டது. ஸ்லோவாக்கியர் வருந்தினர், ஆனால் வழக்காடவில்லை.

இழப்பின் கணக்கு

அமைதியான பிரிவிலும் அடிபட்டோர் உண்டு. ஸ்லோவாக்கியாவில் வேர்கொண்டு செக் பகுதியில் குடியேறி வாழ்ந்த ரோமா மக்கள் பலர், 1993ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் நிபந்தனைகளால் தாம் வாழ்ந்த நாட்டிலேயே அயலார் ஆயினர். ஐந்தாண்டுக் காலம் வேண்டுமென்றே செய்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருத்தலாகாது என்னும் விதி, எளியோரையே மிகுதியும் வருத்தியது. 1996, 1999 ஆண்டுகளின் திருத்தங்களுக்குப் பின்னரே அத்துயர் தணிந்தது. ஸ்லோவாக்கியாவின் தென்பகுதியில் வாழும் ஐந்து இலட்சத்தை ஒட்டிய ஹங்கேரிய மக்கள், 1995ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தைக் கவலையுடன் நோக்கினர். தன் மொழிக்காகப் போராடிய இனம், அரசு கைவந்ததும் தன்னிடம் வாழும் சிற்றினத்தின் மொழியை எவ்வாறு நடத்துகிறது என்பது அதன் விடுதலைக்கு உரைகல்.

மற்றோர் இழப்பு மொழி வாழ்வைச் சார்ந்தது. ஒன்றியக் காலத்தில் தொலைக்காட்சிச் செய்திகள் இரு மொழியிலும் மாறிமாறி ஒலித்தன. குழந்தைகள் கற்பிக்கப்படாமலேயே இரு மொழிகளையும் உணர்ந்து வளர்ந்தனர். பிரிவுக்குப்பின் ஸ்லோவாக் இளைஞர்கள் செக் நூல்களையும் நிகழ்ச்சிகளையும் தொடர்ந்து துய்க்கின்றனர். செக் இளைஞர்களுக்கோ ஸ்லோவாக் சொற்கள் பல அயன்மையாகிவிட்டன.

பேறுகளும் உள. பழைய புலம்பல்கள் ஓய்ந்தன. தம் குறைகளுக்குப் பிறரைப் பழிக்கும் வாய்ப்பு இருவருக்கும் இல்லாமற் போயிற்று. 2004 மே முதல் நாள் இரு நாடுகளும் ஒருங்கே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007 டிசம்பரில் எல்லைச் சோதனைகளும் அகன்றன. 2009இல் ஸ்லோவாக்கியா யூரோ நாணயத்தை ஏற்றது. செக் நாடு தன் நாணயத்தைக் காத்துக்கொண்டது. ஸ்லோவாக் மொழியில் எழுதிய ஆவணத்தைச் செக் அலுவலகம் மொழிபெயர்ப்பின்றி ஏற்கிறது. ஆயிரக்கணக்கான ஸ்லோவாக் மாணவர் செக் பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர்.

நிறைவாக

ஒன்றியம் நிலைத்தல் வேண்டுமா, பிரிதல் வேண்டுமா என்னும் வினாவுக்கு எக்காலத்துக்கும் எந்நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பதைச் செக்கோஸ்லோவாக்கிய வரலாறு காட்டுகிறது. ஆனால் அவ்வினாவுக்கு முன்னர்க் கேட்கவேண்டிய மூன்று வினாக்களை அது விட்டுச் சென்றுள்ளது. சிறிய இனத்தின் பெயர் உரிய காலத்தில் உரிய மதிப்புடன் ஒலித்ததா? முடிவெடுக்குமுன் மக்கள் கேட்கப்பட்டனரா? பிரியும் இருவருக்கும் இடையே அகப்படும் மூன்றாமவருக்குக் காப்பு உண்டா? முதல் வினாவுக்கு 1920இல் தவறான விடை தந்ததனால் ஒன்றியம் நலிந்தது. பின்னிரண்டு வினாக்களை 1992இல் தவிர்த்ததனால் பிரிவு குறையுடையதாயிற்று. கொல்லாரும் ஷ்டூரும் தொடங்கிய வழக்கில் முழு வெற்றி பெற்றவர் ஒருவரும் இலர்.

பிரிவுக்குப்பின் ஒரு மரபு உருவாகியுள்ளது. இரு நாடுகளிலும் புதிதாகப் பதவியேற்கும் குடியரசுத் தலைவர், தம் முதல் வெளிநாட்டுப் பயணமாக மற்ற நாட்டுக்கே செல்வது வழக்கம். வரவேற்பு நிகழ்ச்சியில் இரு நாட்டுப்பண்களும் ஒன்றன்பின் ஒன்றாக இசைக்கப்படுகின்றன. முதியோர் செவிகளுக்கு அது பழைய பண்ணே. இளையோர் செவிகளுக்கோ இரண்டு தனிப் பாடல்கள்.